லாயத்தில் நிற்பவர் யார்? அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் உழைப்பு வரலாறு

ஆண்டுதோறும் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை, அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் உள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் கென்டக்கி டெர்பி என்ற குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஓட்டம் இரண்டு நிமிடம்தான். 2024-இல் நடந்தது 150ஆவது டெர்பி. அதன் பரிசுத்தொகை 50 லட்சம் டாலர். அன்றைக்குத் தொலைக்காட்சி காட்டுவது பணக்காரப் பெண்களின் தொப்பிகளை, உரிமையாளரின் சிரிப்பை, பட்டுச்சட்டை போட்ட ஜாக்கியை. பந்தயத்துக்கு முன்பு ஒருவர் குதிரையைக் கயிறு பிடித்து நடத்தி வருவார். கேமரா அவர் மேலும் விழும், ஆனால் அவர் பெயர் திரையில் வராது.

அமெரிக்காவில் அவரை 'குரூம்' என்கிறார்கள். நம் வழக்கில் குதிரைக்காரர் அல்லது லாயக்காரர். குதிரைக்குத் தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, காலுக்குக் கட்டுப் போடுவது, சாணம் அள்ளுவது எல்லாம் அவர் வேலை. இன்று அந்த நாட்டின் பந்தய லாயங்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர்கள். சிலரிடம் தற்காலிக வேலை விசா இருக்கிறது. பலரிடம் எந்தக் காகிதமும் இல்லை.

"உள்ளூர்க்காரர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை, அதனால்தான் வெளிநாட்டு ஆட்களை வைக்கிறோம்" என்று முதலாளிகள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. எந்த வேலையைப் பற்றி எந்த ஊரில் இப்படிச் சொன்னாலும், அந்த வேலையை இதற்கு முன்பு யார் செய்தார்கள், அவர்கள் ஏன் இப்போது இல்லை என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் குதிரை லாயத்தைப் பொறுத்தவரை அதற்கான பதில் அடிமை முறையில் தொடங்குகிறது.

அடிமைகளின் கையில் குதிரைகள்

உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென் மாநிலங்களில் பந்தயக் குதிரை வைத்திருப்பது நிலவுடைமையாளர்களின் கௌரவம். குதிரையை வளர்த்தவர்களும் பழக்கியவர்களும் ஓட்டியவர்களும் அவர்கள் விலைக்கு வாங்கிய கறுப்பின அடிமைகள். எட்வர்ட் ட்ராய் என்ற ஓவியர் 1830களில் 'ரிச்சர்ட் சிங்கிள்டன்' என்ற புகழ்பெற்ற குதிரையை வரைந்தார். குதிரையோடு ஹாரி, சார்லஸ், லூ என்ற மூன்று கறுப்பின மனிதர்களும் ஓவியத்தில் நிற்கிறார்கள். ஓவியத்தின் தலைப்பில் அவர்களுக்குப் பெயர் உண்டு. ஆனால் அது 'வைலியின் ஹாரி' என்றுதான் இருக்கிறது. வைலி என்பது உரிமையாளரின் பெயர். குதிரைக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது, அதைப் பழக்கிய மனிதருக்கு ஆண்டையின் பெயரோடு ஒட்டிய பெயர்தான் இருந்தது.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1875-இல் முதல் கென்டக்கி டெர்பி நடந்தது. அதில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற குதிரை அரிஸ்டைடீஸ். ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். பழக்கியவர் ஆன்செல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்தவர். முதல் 28 டெர்பிகளில் 15-ஐ கறுப்பின ஜாக்கிகள் வென்றார்கள். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். 1891-இல் அவர் ஓட்டிய கிங்மேன் என்ற குதிரையின் உரிமையாளர் டட்லி ஆலன் என்ற கறுப்பினத்தவர். தலைமுறை தலைமுறையாகச் சாட்டைக்குப் பயந்து கற்ற வித்தை, விடுதலைக்குப் பிறகு கூலி பெற்றது, பேர் பெற்றது, சிலருக்குச் சொத்தையும் தந்தது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

இறக்கிவிடப்பட்டவர்கள்

1890களில் பந்தயத்தில் பணம் பெருகியது. ஜாக்கி என்றால் நாடறிந்த ஆள் என்றானது. அதே காலத்தில் தென் மாநிலங்கள் நிறப் பிரிவினைச் சட்டங்களை ஒவ்வொன்றாக இயற்றிக்கொண்டிருந்தன. 1896-இல் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினைக்கு அங்கீகாரம் அளித்தது. மைதானத்துக்குள் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஓட்டத்தின் நடுவே வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து கறுப்பின ஜாக்கியின் குதிரையை வேலியோடு நெருக்கினார்கள், சாட்டையால் அடித்தார்கள். காயம்பட்டது மனிதன் மட்டுமல்ல, விலை உயர்ந்த குதிரையும்தான். உரிமையாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கறுப்பின ஜாக்கிகளை அமர்த்துவதை நிறுத்தினார்கள்.

1901, 1902 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டெர்பியை வென்றவர் ஜிம்மி விங்க்ஃபீல்ட். அவருக்குப் பிறகு இன்றுவரை எந்தக் கறுப்பின அமெரிக்க ஜாக்கியும் டெர்பியை வென்றதில்லை. அவரே பிழைப்புத் தேடி ரஷ்யாவுக்குப் போனார், அங்கே பெரும் புகழ் பெற்றார், ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு பிரான்சில் வாழ்ந்தார். 1961-இல் டெர்பியை ஒட்டி நடந்த விருந்துக்கு அவரை அழைத்திருந்தார்கள். லூயிவில் ஓட்டலின் வாசலில் முதலில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். இரண்டு முறை டெர்பி வென்றவர், அழைப்பின் பேரில் வந்த விருந்தாளி, எண்பது வயதை நெருங்கிய முதியவர். வாசலில் நின்றவர்கள் பார்த்தது தோலின் நிறத்தை மட்டும். 1921-க்குப் பிறகு 2000ஆம் ஆண்டு வரை டெர்பியில் ஒரு கறுப்பின ஜாக்கிகூட ஓடவில்லை.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர், "கறுப்பினத்தவர்கள் பந்தயத்திலிருந்து மறைந்துபோனார்கள்" என்று எழுதுகிறார்கள். அது தவறு. அவர்கள் மறையவில்லை. குதிரையின் முதுகிலிருந்து இறக்கிவிடப்பட்டு, குதிரையின் காலடிக்கு அனுப்பப்பட்டார்கள். லாயத்தில் சாணம் அள்ளவும், குதிரையைக் குளிப்பாட்டவும், இரவில் அதன் அருகில் படுத்துக் காவல் காக்கவும் கறுப்பினத்தவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கப் பந்தய லாயங்களின் முதுகெலும்பாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். அந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கதை உடனே விளங்கும். குதிரையைத் தொட்டால் தீட்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. குதிரையால் வரும் பேரும் பணமும் யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் கோடு போட்டார்கள்.

1973: ஒரு குதிரையும் ஒரு விதியும்

எடி ஸ்வெட் தென் கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். செக்ரடேரியட் என்ற குதிரையின் குரூம். 1973-இல் அந்தக் குதிரை டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. பெல்மான்டில் இரண்டாவதாக வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டு ஓடியது. அதற்கு முன்பே அந்தக் குதிரையைப் பங்குகளாகப் பிரித்து 60 லட்சம் டாலருக்கும் மேல் விற்றிருந்தார்கள். குதிரையோடு பயணம் செய்தவர், அதன் மனநிலை தெரிந்தவர், அதன் கடிவாளத்தைப் பிடித்து நடந்தவர் எடி ஸ்வெட். கென்டக்கி குதிரைப் பூங்காவில் உள்ள செக்ரடேரியட் சிலையில் அவரும் நிற்கிறார். 1998-இல் அவர் இறந்தபோது, அந்தக் குதிரை ஈட்டித் தந்த செல்வத்தின் சுவடு அவர் வாழ்க்கையில் இல்லை.

அதே 1973-இல் இன்னொன்றும் நடந்தது. அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. தொழிலாளர்கள் சங்கம் சேரும் உரிமையைக் காக்க 1935-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்துவது தேசியத் தொழிலுறவு வாரியம். 1973-இல் அந்த வாரியம் குதிரைப் பந்தயம், நாய்ப் பந்தயம் ஆகிய இரண்டு தொழில்களின் வழக்குகளையும் இனி எடுத்துக்கொள்வதில்லை என்று விதி செய்தது. பந்தயத்தை மாநில அரசுகள் ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன, ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்பவை அதற்குச் சொன்ன காரணங்கள். சங்கம் வைத்ததற்காக ஒரு குரூமை வேலையிலிருந்து துரத்தினால், மற்ற தொழிலாளர்கள் போய் நிற்கும் அந்த வாசலில் அவர் நிற்க முடியாது. ஆட்கள் ஏன் அடிக்கடி மாறுகிறார்கள் என்று கேட்க வேண்டிய வாரியம், மாறுவதையே காரணம் காட்டிக் கதவைச் சாத்தியது.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை இது ஒன்று மட்டுமல்ல. குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேரக் கூலியையும் உறுதி செய்யும் நியாயத் தொழில் தரச் சட்டம் 1938-இல் வந்தது. விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அன்றைய தொழிலாளர் சட்டங்கள் வெளியே நிறுத்தின. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்கள் பெருமளவில் இருந்தது இந்த இரண்டு வேலைகளில்தான். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை, ஆனால் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சக் கூலி 1966-இல் விவசாயத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு நீட்டிக்கப்பட்டது. மிகைநேரக் கூலி கூட்டரசுச் சட்டத்தில் இன்றும் அவர்களுக்கு இல்லை.

இது குதிரைத் தொழிலுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். கூட்டரசு விதிப்படி, பண்ணையில் பந்தயக் குதிரையை வளர்த்துப் பழக்குகிறவர் விவசாயத் தொழிலாளி. அதே குதிரையைப் பந்தய மைதானத்தில் பராமரிப்பவர் விவசாயத் தொழிலாளி அல்ல. பண்ணையில் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்தால், கூட்டரசுச் சட்டப்படி மிகைநேரக் கூலி கிடையாது. மைதானத்தில் செய்தால், 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். குதிரையும் கையும் சாணமும் ஒன்றுதான், பண்ணை வேலியைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது.

வந்து சேர்ந்தவர்கள்

1960களில் குடியுரிமைப் போராட்டம் வென்ற பிறகு கறுப்பினத்தவர்களுக்கு வேறு வேலைகளின் கதவுகள் கொஞ்சமாவது திறந்தன. திறந்ததும் அவர்களுடைய பிள்ளைகள் லாயத்தை விட்டு வெளியேறினார்கள். அது இயல்பு. நம்முடைய பெற்றோர் மலக்குழியிலிருந்தும் பண்ணையாளின் கொட்டிலிலிருந்தும் நம்மை வெளியேற்றத்தான் படிக்கவைத்தார்கள். இந்த இடத்தில் முதலாளிக்கு இரண்டு வழிகள் இருந்தன. கூலியை உயர்த்தி, வார விடுமுறை கொடுத்து, தங்குமிடத்தைச் சீராக்கி ஆட்களைத் தக்கவைக்கலாம். அல்லது வெளியேற முடியாத வேறு ஆட்களைத் தேடலாம். 1970கள், 80களிலிருந்து அமெரிக்க லாயங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை.

மெக்சிகோ, குவாத்தமாலா, இன்னும் பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்வையாளர் மாடத்துக்கு எதிர்ப்புறம், ஓடுதளத்துக்கு அப்பால் இருக்கும் லாயப் பகுதியை 'பேக்ஸ்ட்ரெச்' என்பார்கள். பலர் அங்கேயே, லாயத்தை ஒட்டிய சிறு அறைகளில் தங்குகிறார்கள். விடிவதற்கு முன்பே, நான்கு ஐந்து மணிக்கெல்லாம் வேலை தொடங்கிவிடும். குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆகவே குரூமுக்கும் கிடையாது. ஒருவர் பொறுப்பில் நான்கைந்து குதிரைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 கிலோ எடை. உதை, கடி, மிதி, வைக்கோல் தூசியால் வரும் இளைப்பு எல்லாம் வேலையோடு சேர்ந்தவை. தங்கும் அறை முதலாளியின் வேலையோடு கட்டப்பட்டது என்பதால், வேலை போனால் அன்றைக்கே கூரையும் போய்விடும்.

விசாவில் வருகிறவர்கள் நிலை கொஞ்சம் மேல் என்று நினைக்கலாம். பந்தய மைதான வேலைக்குக் கிடைப்பது 'எச்-2பி' எனும் தற்காலிக விசா. ஆண்டுக்கு 66,000 என்பது அதற்கு நாடாளுமன்றம் வைத்த வரம்பு. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டிய பிறகே அது கிடைக்கும். அந்த விசா முதலாளியோடு கட்டப்பட்டது. கூலி போதவில்லை என்று பக்கத்து லாயத்துக்குத் தொழிலாளி தன் இஷ்டத்துக்குப் போய்விட முடியாது. வேலையை விட்டால் நாட்டை விட வேண்டும். ஊரில் கடன் வாங்கிப் புறப்பட்டவருக்கு அது எப்படிப்பட்ட கட்டு என்று, முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கூலிக் கணக்கையும் பார்ப்போம். அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-இல் நிர்ணயித்தது, இன்றுவரை உயரவில்லை. குதிரைத் தலைநகரம் என்று பெருமை பேசும் கென்டக்கியிலும் அதே 7.25 தான். லாயங்களில் மணிக்கணக்கு பார்க்காமல் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கையில் கொடுப்பது நெடுநாள் வழக்கம். வேலை செய்த மணி நேரத்தை எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்காத மணிக்குக் கூலியும் இல்லை. 2019-இல் நியூயார்க்கின் முன்னணிப் பயிற்சியாளர் ஒருவர் மீது கூட்டரசுத் தொழிலாளர் துறை எடுத்த நடவடிக்கையில், நிலுவைக் கூலி, அபராதம் எல்லாம் சேர்த்து 16 லட்சம் டாலருக்கும் மேல் கட்ட வேண்டிவந்தது. சிறு முதலாளி, பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது. நாட்டின் மிகப் பெரிய பந்தயங்களை வெல்லும் லாயம் அது.

குரூமின் வேலையைத் 'திறன் தேவைப்படாத வேலை' என்று சொல்வதும் ஒரு சுரண்டல் உத்தி. அரசின் தொழில் பட்டியலில் அவர் வெறும் 'விலங்குப் பராமரிப்பாளர்'. காலையில் குதிரையின் காலை மேலிருந்து கீழாகத் தடவி, எந்த இடத்தில் சூடு இருக்கிறது, எந்த நரம்பு வீங்கப் பார்க்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். இரவு வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து நோயைச் சொல்பவரும் அவரே. அதற்குப் பிறகுதான் மருத்துவர் வருகிறார். அடிமைக் காலத்தில் ஹாரிக்குத் தெரிந்த வித்தை, எடி ஸ்வெட்டுக்குத் தெரிந்த வித்தை, இன்று குவாத்தமாலாவிலிருந்து வந்தவருக்குத் தெரிகிறது. செய்பவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு வேலை திறனா, திறனற்றதா என்று முடிவாகிறது. நெசவு, தோல் பதனிடுதல், பறை என்று நம் பக்கத்து உதாரணங்களை வாசகர்களே சேர்த்துக்கொள்ளலாம்.

குதிரைக்குக் கிடைத்த சட்டம்

2019-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா மைதானத்தில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 30 குதிரைகள் இறந்தன. நாடே கொதித்தது. 2020-இல் குதிரைப் பந்தய நேர்மை மற்றும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓடுதளத்தின் தரம், ஊக்கமருந்து, சாட்டையால் எத்தனை முறை அடிக்கலாம் என்பதற்கெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் நாடு தழுவிய விதிகள் இருக்கின்றன. நல்லது, வரவேற்போம். வாயில்லா ஜீவனுக்குச் சட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சட்டத்தில் குரூமின் கூலி இல்லை, வார விடுப்பு இல்லை, தங்குமிடம் இல்லை. ஓய்வில்லாத ஒரு மனிதரிடம் ஐந்து குதிரைகளை ஒப்படைத்துவிட்டு, குதிரையின் பாதுகாப்பை எப்படி உறுதி செய்வது? வீக்கத்தை முதலில் பார்க்க வேண்டிய கண் அவருடையதுதானே?

வாயுள்ள தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் மாதம் லூசியானா மாநிலத்தின் டெல்டா டவுன்ஸ் பந்தய மைதானத்தில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து, லாயப் பகுதியில் 80-க்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றார்கள். அவர்களைக் கைதாகிப் போகவைத்த அதே காகிதமின்மைதான், அதுவரை அவர்களைக் குறைந்த கூலிக்கு வாய்மூடி வேலை செய்யவைத்தது. ஒரு கை அதைப் பயன்படுத்தி லாபம் பார்க்கிறது, இன்னொரு கை அதையே குற்றமாக்கித் தண்டிக்கிறது. தண்டனை எப்போதும் லாயத்துக்குத்தான், பார்வையாளர் மாடத்துக்கு அல்ல.

கட்டு அவிழ வேண்டும்

அடிமை ஓடினால் பிடித்துவர ஆள் இருந்தது. நிறவெறிக் காலத்துக் கறுப்பினத் தொழிலாளி ஓடினால் போய்ச்சேர இடம் இல்லை. இன்றைய புலம்பெயர் தொழிலாளி ஓடினால் விசா இல்லை. மூன்று காலத்திலும் லாயத்தை நிரப்பியது ஒரே விஷயம், அங்கே இருப்பவரால் வெளியேற முடியாது என்பது. வெளியேற முடிகிறவர்கள் வெளியேறிய ஒவ்வொரு முறையும், முதலாளிகள் கூலியை மாற்றவில்லை, ஆளை மாற்றினார்கள். உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சின் முழுப் பொருள் இதுதான்.

நம் நாட்டில் குதிரை வேறொரு விதத்தில் இதே பாடத்தைச் சொல்கிறது. 2018-இல் உத்தரப்பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், ஒரு தலித் மணமகன் தாக்கூர்கள் வாழும் பகுதி வழியாகத் தன் திருமண ஊர்வலத்தைக் கொண்டுபோக நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு குதிரை வண்டியில் போனார். மணமகன் குதிரை ஏறினார் என்பதற்காகத் தலித்துகளைத் தாக்கிய செய்திகள் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் இன்றும் வருகின்றன. அதே தலித்துகள் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டால் எந்த ஆதிக்க சாதிக்கும் மனம் புண்படாது. விங்க்ஃபீல்டை இறக்கிவிட்டவர்களும் இவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஆனால் அவர்களுடைய கணக்கு ஒன்றுதான்.

இந்த ஒற்றுமையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1946-இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். டுபாய்ஸ் பதில் எழுதினார். இரண்டு ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்கள், அரை உலகம் தாண்டி, ஒருவர் மனுவை இன்னொருவர் படிக்க நினைத்தார்கள்.

ஆகவே அமெரிக்க லாயத்தில் எழும் கோரிக்கைகளை நம்முடையவையாகவே படிக்கலாம். விசா முதலாளியோடு கட்டப்படாமல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். பண்ணையிலும் மைதானத்திலும் ஒரே மிகைநேரக் கூலி வேண்டும். 1973 விதியைத் திரும்பப் பெற்று, சங்கம் சேரும் உரிமையைக் காக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும். இவற்றில் எதுவும் சலுகை அல்ல. பிடிக்காத வேலையை விட்டு ஒருவர் எழுந்து போக முடிந்தால்தான், அந்த வேலைக்கு முதலாளி நியாயமான கூலி கொடுப்பார். நாம் சேரியில் கற்றதும், அவர்கள் லாயத்தில் கற்றதும் அதுதான்.